மைசூர்ப் பொன்னும் இலண்டன் இசைத்தட்டும்

பெங்களூரு அரண்மனையின் மதிலோரமாகச் செல்லாத குடும்பம் நம் குடியிருப்பில் இராது. பொருட்காட்சிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் அத்திடலில் கூடுகிறோம். குழந்தைகள் கேட்டால், 'மகாராஜா வீடு' என்று சொல்லி நடக்கிறோம். அவ்வீட்டில் 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் கண்மூடிய ஜயசாமராஜேந்திர உடையார், தாய்நாட்டை விட்டு வந்து அந்நிய மண்ணில் வாழ்ந்த ஓர் இசைப்புலவரின் படைப்புகளை அழியாமற் காத்தவர். இதனை நம்மில் அறிந்தோர் சிலரே. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவ்வரலாற்றிலே ஒரு செய்தி உண்டு. ஆதலின் அதனை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம்.

அப்புலவர் பெயர் நிகோலாய் மெட்னர். 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். புஷ்கின், கெதே முதலிய பெருங்கவிஞர்களின் பாட்டுகளுக்கு இசை அமைத்தவர். அவ்வாறு அவர் அமைத்த பாடல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. இசை அமைத்ததோடு நில்லாமல், பாடுவோர் அருகே அமர்ந்து தாமே பியானோ வாசிப்பார். உலகப்புகழ் பெற்ற ரஹ்மானினாஃப் இவருடைய ஆருயிர் நண்பர். ஒருவர் இயற்றிய இசைப்படைப்பை மற்றவருக்குக் காணிக்கையாக்கும் அளவுக்கு அந்நட்பு வளர்ந்திருந்தது.

ருசியப் புரட்சிக்குப் பின் 1921-இல் மெட்னர் தாயகம் விட்டுப் புறப்பட்டார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் சில காலம் வாழ்ந்து, முப்பதுகளின் நடுவில் இலண்டன் சேர்ந்தார். காலத்தின் சுவை மாறிவிட்டது. அவரோ பழைய மரபை விட்டு நகர மறுத்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியப் பதிப்பகத்திலிருந்து வந்துகொண்டிருந்த வருவாயும் நின்றது. இதய நோயும் வந்து சேர்ந்தது. நோயோடும் வறுமையோடும் போராடியே தம் மூன்றாம் பியானோ கச்சேரிப் படைப்பை எழுதி முடித்தார். கேட்பார் குறைந்தனர், முதுமை நெருங்கிற்று. அவர் வாசிப்பு அவரோடே மறையும் என்றுதான் யாவரும் எண்ணியிருக்கக் கூடும்.

இனி மைசூருக்கு வருவோம். உடையார் 1919-இல் பிறந்தவர். 1940-ஆம் ஆண்டில் தந்தையாரும், பெரிய தந்தையாரான நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் அடுத்தடுத்துக் காலமாயினர். இருபத்தோராம் வயதில் அரச பாரம் அவர் தோள்மேல் விழுந்தது. பியானோவில் தேர்ச்சி பெற்று, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் பட்டமும் பெற்றவர் அவர். மேடையேறும் வாழ்வு அரியணையேறியவருக்கு வாய்க்கவில்லை. கேட்கும் காதும் கொடுக்கும் கையும் எஞ்சின. அவர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகள் இருபதினாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டனர்.

நாற்பதுகளின் பிற்பகுதியில், இலண்டன் இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் லெக் என்பவர் மன்னரின் அழைப்பை ஏற்று மைசூர் வந்தார். மெட்னரின் படைப்புகளைத் தட்டுகளில் பதிக்கும் செலவை மன்னர் ஏற்றார். அத்துடன், லெக் தோற்றுவித்த பில்ஹார்மோனியா இசைக்குழு காலூன்றுவதற்கு மூன்றாண்டுகள், ஆண்டுக்குப் பதினாயிரம் பவுன் கொடுக்கவும் இசைந்ததாக லெக் பின்னாளில் எழுதியிருக்கிறார். மெட்னரின் பெயரால் ஒரு சங்கமும் அமைந்தது.

அந்நாளில் பதிவு செய்வது எளிய காரியமன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய நான்கரை நிமிட இசையே அடங்கும். அரைமணிக்கும் மேற்பட்ட ஒரு படைப்பை எட்டுப் பக்கங்களுக்குக் குறையாமல் பங்கிட்டு வாசிக்க வேண்டும். இடையில் ஒரு சுரம் பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை. அப்பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். இப்படிச் சேர்ந்த பல தட்டுகளைப் புகைப்படத் தொகுப்பு போன்ற தடித்த அட்டைக்குள் உறையிட்டு விற்றனர். ஒரே தட்டிலோ, தட்டே இல்லாமல் கைப்பேசியிலோ வெளிவரும் பாடல் தொகுதியை இன்றும் 'ஆல்பம்' என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே.

அறுபத்தேழு வயதான நோயாளி இவ்வேலைக்கு உட்கார்ந்தார். 1947-ஆம் ஆண்டில் பில்ஹார்மோனியா இசைக்குழுவுடன் தம் மூன்று பியானோ கச்சேரிப் படைப்புகளையும் தாமே வாசித்துப் பதிவு செய்தார். மூன்றாவதை மைசூர் மன்னருக்கே காணிக்கையாக்கினார். பின்னர்ப் பாடல்களும் பதிவாயின. 1950-இல் எலிசபெத் ஷ்வார்ஸ்காப் என்னும் புகழ்மிக்க பாடகி பாட, மெட்னர் பியானோ வாசித்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் அவர் இலண்டனில் மறைந்தார். இன்னும் சிறிது காலம் தாழ்ந்திருந்தால் பதிவதற்கு அவர் இருந்திருக்க மாட்டார். அத்தட்டுகள் பிற்காலத்தில் குறுந்தட்டுகளாக மறுபிறப்பெடுத்தன. அவர் விரல்களின் ஒலியை இன்றும் நாம் கேட்கலாம்.

மன்னரின் கொடை இத்துடன் நிற்கவில்லை. ஜெர்மானிய இசை மேதை ரிச்சர்டு ஸ்ட்ராஸ் எழுதிய இறுதிப் பாடல்கள் நான்கும், அவர் மறைந்தபின் 1950 மே 22 அன்று இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முறையாகப் பாடப்பட்டன. அந்நிகழ்ச்சிக்கும் அதன் பதிவுக்கும் பணப் பொறுப்பேற்றவர் இவரே.

இங்கே ஒரு கேள்வி எழும். மைசூர்க் குடிகளின் பொன் இலண்டனில் ஏன் செலவாக வேண்டும்? நம் வித்துவான்களின் இசை காற்றோடு போகவில்லையா? இக்கேள்வியை நாம் தள்ளிவிட இயலாது.

திருவையாற்றைச் சேர்ந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயரை எண்ணிப் பாருங்கள். பாடகர், கீர்த்தனைகள் இயற்றியவர், ஆசிரியர் என மூன்று நிலையிலும் உயர்ந்தவர். மைசூர் அரண்மனை ஆதரவுடன் வாசுதேவாசாரியார் திருவையாறு சென்று இவரிடமே பயின்றார். 1902-ஆம் ஆண்டு ஜூலையில் ஐயர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில்தான் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாட, இந்தியாவின் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் நிகழ்ந்தன. இடைவெளி நான்கே திங்கள்! ஐயரின் கீர்த்தனைகள் மாணாக்கர் வாய்வழி நமக்குக் கிடைத்தன. அவர் குரல் கிடைக்கவில்லை.

ஆனால் உடையார் நம் இசையைப் புறக்கணித்தவர் என்று சொல்வது அறமாகாது. அதே நாற்பதுகளில் வாசுதேவாசாரியாரின் துணையோடு அவர் தாமே தொண்ணூற்று நான்கு கீர்த்தனைகளை வடமொழியில் இயற்றினார். 'ஸ்ரீவித்யா' என்பது அவற்றின் முத்திரை. திருவையாற்றில் ஏற்றிய விளக்கு இவ்வாறு மைசூர் அரண்மனையில் சுடர்விட்டது. 1964 முதல் 1966 வரை அவர் சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தார். ஆகவே தமிழகத்துக்கும் அவர் அயலாரல்லர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? பாட்டு பிறப்பது பாடுவோர் நெஞ்சில். அது நிலைப்பதோ, 'இது போய்விடக் கூடாது' என்று பதறும் இன்னொருவர் நெஞ்சால். மெட்னர் தமக்கு வேண்டிய அந்த இன்னொருவரைத் தாம் காணாத நாட்டிலே பெற்றார்.

நம் குடியிருப்பிலும் பாட்டு உண்டு. தஞ்சையிலிருந்தும், வடாற்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும் பாட்டிமார் கொண்டுவந்த தாலாட்டும், நலங்கும், ஒப்பாரியும் உண்டு. தாமே சொல்லடுக்கிப் பாடும் தாத்தாக்களும் உளர். இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அப்பாட்டுகளின் சொல்லே பாதி விளங்குவதில்லை. பாடும் மூத்தோரோ ஆண்டுதோறும் நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றனர். சென்ற ஆண்டு விழா மேடையில் கேட்ட குரல்களில் ஒன்றிரண்டை இவ்வாண்டு நாம் கேட்கப் போவதில்லை.

மன்னருக்குப் பதினாயிரம் பவுன் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டுவது சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியும் ஒரு மாலைப்பொழுதும்தான். பாடியவர் பெயர், அவர் பிறந்த ஊர், பாட்டைக் கற்பித்தவர் யார், பதிந்த நாள் ஆகியவற்றையும் மறவாமல் சேர்த்து வையுங்கள். பெயரில்லாத குரல் இரண்டு தலைமுறையில் யாருடையதும் அல்லாததாகிவிடும்.

திருவையாற்றில் நான்கு திங்களில் நழுவியதை மீட்க இனி ஒருவராலும் இயலாது. நம் வீட்டுத் திண்ணையில் இருப்பதை நழுவ விடாதிருத்தல் நம் கையில் உள்ளது. விழா முடிந்து வீடு திரும்பியதும், பாட்டியின் அருகே சற்றே அமர்வோமாக.