கெடிலக்கரையில் வேத புத்தகம்

திருவதிகை என்னும் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் சைவ உலகம் திருநாவுக்கரசரை நினைக்கும். சூலை நோயால் துடித்துத் தமக்கையார் திலகவதியாரின் அடிகளில் வந்து விழுந்த அப்பெருமான், வீரட்டானத்து இறைவன் திருமுன் நின்று தம் முதற் பதிகத்தைப் பாடியது இவ்வூரிலேதான். பின்னொரு காலத்தில் சுந்தரர் இவ்வூரின் எல்லைக்கு வந்தார். நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு புரிந்த மண்ணைக் காலால் மிதிப்பதோ என்று அஞ்சி, ஊருக்குள் புகாமல் புறத்தேயிருந்த சித்தவட மடத்தில் அவ்விரவைக் கழித்தார் என்று பெரியபுராணம் கூறும். ஒருவர் பாடிய சொல்லைப் போற்றியதோடு அமையாமல், அவர் கால்பட்ட மண்ணையும் போற்றிய நாடு இது. உண்மை விளக்கம் அருளிய மனவாசகங் கடந்தாரும் இத்திருவதிகைக்காரரே.

இவ்வூரை அடுத்து ஓடும் கெடிலம் கிழக்கே சென்று கடலூரில் கடலோடு கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில் சைவக் குடியொன்றில் பிறந்து வளர்ந்த நான், இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் தேவாரம் அன்று. அதே ஆற்றின் கழிமுகத்தில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக ஒரு சிறு கூட்டத்தார் கையில் ஏந்திவரும் வேறொரு நூலைப் பற்றியே பேசப்போகிறேன். காலையில் படித்ததை மாலையில் மறந்துவிடும் காலம் இது; எதையும் மேலோடு மேய்ந்துவிட்டு அப்பால் நகரும் காலம். இக்காலத்திலும் கிறித்தவ மக்கள் தங்கள் வேத புத்தகத்தை இவ்வளவு அருமையாகப் பேணுவது எதனால்? இறைவன் வாக்கு என்பதனால் என்று அவர்கள் விடையிறுப்பார்கள். அது அவர்தம் விசுவாசம். அதில் தலையிட நான் வரவில்லை. வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்கு வேறொரு விடையும் தோன்றுகிறது. அதைச் சொல்வதற்கு முன் சிதம்பரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும்.

மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ வேந்தன் கேட்டபோது, பாடிய மூவருமே வந்தாலன்றிக் கதவு திறக்கப்படாது என்றார்கள். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே செல்லரித்த ஓலைகள் கிடந்தன. எஞ்சியவை மிகச் சிலவே. திருமுறை கண்ட புராணம் கூறும் இவ்வரலாற்றைச் சைவர் அனைவரும் அறிவர். ஆனால், அதே புராணத்தின் மற்றொரு பகுதியைப் பலர் நினைப்பதில்லை. ஏடுகள் ஒருவாறு கிடைத்த பின்னும் அவற்றிற்குரிய பண்கள் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் திருஎருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வாயிலிருந்தே அவை மீண்டும் பெறப்பட்டன. பூட்டிவைத்த ஓலையைக் கறையான் தின்றது. பாடிக்கொண்டிருந்த நாவைக் கறையான் தீண்டவில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கிறித்தவ வேதத்தின் தமிழ் வரலாற்றைப் பார்ப்போம்.

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு என்னும் செருமானிய இளைஞர் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிய அதிகாரியின் சினத்துக்கு ஆளாகி நான்கு திங்கள் சிறையிருக்க நேர்ந்தது. ஆயினும் 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். அதை அச்சேற்றிய கதை அதனினும் பெரிது. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிலே பிடித்தனர். உடன் வந்த அச்சாளர் கடற்பயணத்திலேயே மாண்டார். செருமனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழெழுத்துகளோ மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் இருந்த தாள் போதாது. பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத்தை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். நூல் 1715-இல் நிறைவெய்தியது. தின்பண்டத்தைப் பொதிந்து வந்த ஈயம் வேதத்துக்கு எழுத்தான விந்தையை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் கடற்கரைச் சாலை கொள்ளிடத்தைக் கடந்து, சிதம்பரம், கடலூர் வழியாகவே போகிறது. அச்சாலை வழியே நூலும் வந்தது. 1717-இல் கடலூரில் ஓர் இலவசப் பள்ளியை ஏற்படுத்தினார் சீகன்பால்கு. 1719-இல் தம் முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத் ஆகமம் வரையிலேதான் முடிந்திருந்தது. எஞ்சியதைச் சூல்ச்சு என்பவர் முடித்தார். 1737-இல் சார்தோரியசும் கைஸ்தரும் சென்னையிலிருந்து வந்து கடலூரில் நிலையான ஊழியத்தைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே சார்தோரியசு காலமானார். 1740-இல் கீர்நாந்தர் வந்தார்.

அதன்பின் வந்த ஐம்பது ஆண்டுகள் இவ்வட்டாரத்துக்குப் போர்க்காலம். 1750-இல் பிரெஞ்சுப் படை திருவதிகைக் கோயிலைக் கைப்பற்றிக் கோட்டையாக்கிக்கொண்டது. நாவுக்கரசர் உழவாரப் பணி செய்த திருமுற்றத்தில் படைவீரர் கூடாரம் அடித்தனர். 1758-இல் லாலி கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் பிடித்தான். கீர்நாந்தர் ஊரைவிட்டு வெளியேறிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1781-இல் சிதம்பரம் கோயில் ஹைதர் அலியின் படைக்கு அரணாயிற்று. ஆங்கிலத் தளபதி கூட் அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினான். 1782-இல் கடலூர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கோயிலென்றும் மாதாகோயிலென்றும் பாராமல் பீரங்கிகள் முழங்கிய காலம் அது. கல்லாற் கட்டியவை கைமாறின, குருமார் இடம்பெயர்ந்தனர். மூட்டையில் வைத்து எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றே கைமாறாமல் மக்களோடு சென்றது.

போரினால் இந்நூலுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுசென்றனர். அது வேப்பேரியில் பப்ரீசியுசு ஐயரின் கைக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்து நெடுங்காலம் உழைத்த அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. தமிழ்க் கிறித்தவர் அதைப் பொன் மொழிபெயர்ப்பு என்றே போற்றினர்.

இங்கே சற்று நின்று ஒரு சொல்லைக் கவனிப்போம். இறைவனைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது? சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரீசியுசு பராபரன் என்றார். பின்னாளில் பவர் ஐயரின் திருத்தம் தேவன் என்றது. இருபதாம் நூற்றாண்டின் திருத்தம் கடவுள் என்றது. நான்கும் இந்நாட்டுச் சமயங்கள் முன்னரே வழங்கி வந்த சொற்கள். நூலின் பெயரையே பாருங்கள்: வேதாகமம். வேதமும் ஆகமமும் சைவன் தன் இரு கண்களாகக் கருதுபவை. அவ்விரண்டையும் சேர்த்து அந்நூலுக்குப் பெயராகச் சூட்டிவிட்டார்கள்! இது கண்டு வருந்திய சைவர் அக்காலத்தில் உண்டு. எனக்கு வருத்தமில்லை. நூலொன்றைப் புனிதமென்று போற்றும் பழக்கம் இம்மண்ணில் முன்னமே வேரூன்றி இருந்ததால்தான் அப்பெயர் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது. கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர் கி.பி. 458-இல் சர்வநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிகா நகரம் என்று ஆராய்ச்சியாளர் காட்டுவர். சமணர் ஏடும், சைவர் ஏடும், பின்னர்க் கிறித்தவர் அச்சுநூலும் ஒரே ஆற்றுப் படுகையில் அடுத்தடுத்துப் பேணப்பட்டன.

சொல் மாறும்போது மக்கள் வாளாவிருந்தார்கள் என்று எண்ணவேண்டா. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1820-களில் எழுப்பிய போராட்டம் இதற்குச் சான்று. புதிதாக வந்த பாதிரிமார் தமிழ்க் கிறித்தவர்க்கு இழைத்த கொடுமைகள் என்று அவர் நான்கைக் குறிப்பிட்டார். பப்ரீசியுசின் வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது அவற்றுள் ஒன்று. சாதி வேறுபாட்டை நீக்க முயன்றதும் அவர் கண்ணுக்கு மற்றொரு கொடுமையாகவே பட்டது. அதில் அவரோடு உடன்பட இயலாது. ஆனால் வேதத்தின் தமிழை மாற்றலாகாது என்று அவர் துடித்த துடிப்பு நம் சிந்தனைக்குரியது. அந்நூல் அதற்குள் பாதிரிமாரின் உடைமையாக இல்லை, மக்களுடையதாகிவிட்டிருந்தது. திருமணத்திலும் சாவிலும் கேட்டுக் கேட்டுச் செவியில் ஊறிய சொற்களை மாற்றுவது, தாயின் குரலை மாற்றுவது போலாகும் அன்றோ?

இவ்வரலாற்றில் சிதம்பரத்தார் மறக்கவொண்ணாத ஒருவர் வருகிறார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் இளமையில் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆசிரியராக இருந்து, அவருடைய வேதாகமத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று மழவை மகாலிங்கையரிடம் காட்டி அவர் பாராட்டைப் பெற்றதாக நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். 1850-இல் அது அச்சாயிற்று. ஆயினும் திருச்சபைகளில் நிலைபெறவில்லை. நாவலரோ அப்பணியை முடித்த கையோடு விலகிச் சைவப் பணியில் முழுமையாக இறங்கினார். 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஏட்டில் உறங்கிய சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்து, எளிய வசனநடையில் எழுதி, ஏழைச் சிறுவர் கையிலும் கொடுத்தார். நூலைப் பூட்டிவைப்பது போதாது, அச்சிட்டுப் பரப்பிப் பயில வைக்கவேண்டும் என்பதைக் கிறித்தவரிடையே இருந்தபோது அவர் நேரில் கண்டிருந்தார். தில்லையில் செல்லரித்த அறைக்கு விடை தில்லையிலேயே கிடைத்தது என்று இதை நான் கருதுகிறேன்.

இனித் திருவதிகைக்கு அண்மையில் வருவோம். பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே மேல்பட்டாம்பாக்கம் என்னும் ஊர் உண்டு. திருச்சபைக்குள் சாதிக்கு இடம் தரலாகாது என்று லைப்சிக் சங்கத்தோடு மாறுபட்டுப் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1861-இல் இங்கே தம் பணியைத் தொடங்கினார். டேனிய மிஷன் சங்கம் அவருக்குத் துணையாயிற்று. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வேரில் முளைத்தது. அந்த டேனிய சங்கத்தின் வழியே 1889-இல் தமிழகம் வந்த லார்சன், தமிழறிஞரோடு சேர்ந்து வேதாகமத்தை மீண்டும் திருத்தி 1936-இல் வெளியிட்டார். மோனகன் அதை மேலும் செப்பம் செய்தார். மூலத்துக்கும் நெருக்கமான நடை, தமிழும் நல்ல தமிழ். ஆனால் மக்கள் ஏற்கவில்லை! 1871-இல் முழு நூலாக வந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்பையே புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளில் பெரும்பாலோர் இன்றளவும் ஓதுகின்றனர். வடசொல் மலிந்த அந்நடை இன்றைய இளைஞர் பலருக்கு எளிதில் விளங்காது. இருந்தும் விடமாட்டார்கள். கத்தோலிக்கரும் பிறரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் எளிய நல்ல தமிழில் அமைந்தது; அதுவும் பழையதைப் பெயர்க்கவில்லை.

இதைப் பழமைப் பற்று என்று எள்ளி நகையாடுவோர் உளர். முன்பு நானும் சிறிது நகைத்ததுண்டு. ஆனால் எழுத்தறியாத ஒரு தலைமுறை, இந்நூலைப் படிக்கவேண்டும் என்ற ஒரே ஆசையால் எழுத்தறிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். சுவடியைத் தொடவும் உரிமை மறுக்கப்பட்டிருந்த குடிகளில் பிறந்த பெண்மக்கள், அரிக்கேன் விளக்கடியில் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். எங்கள் பக்கத்துக் கிறித்தவ வீடுகளில், அட்டை பிய்ந்து, ஓரம் மழுங்கி, விரல்பட்டுப் பட்டுக் கருத்த வேத புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். முதற் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்தநாளும் ஞானஸ்நான நாளும் எழுதியிருக்கும். பெரியவர்கள் இறந்த நாளும் இருக்கும். மாலையில் குடும்ப ஜெபத்தின்போது ஓர் அதிகாரத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்பார்கள். கண்ணால் படிப்பதை விரைவாகச் செய்யலாம். வாயால் படிப்பதை விரைவாகச் செய்ய இயலாது. இந்நூல் மேலோட்டக் காலத்துக்குத் தப்பி நிற்பதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது என்பது என் முடிபு. பேணுவது என்றால் அவர்களுக்குத் தேயும்படி ஓதுவது என்றே பொருள்.

ஆயினும், ஆபத்து இல்லாமலில்லை. புத்தாண்டு நாளில் வாக்குத்தத்த வசனம் என்று ஒரு வரியை அட்டையில் பெற்று ஆண்டு முழுவதும் அதனோடு அமைந்துவிடுவோர் பெருகியுள்ளனர். ஆறுதலான வரிகளே அட்டைக்கு வரும். கண்டிக்கும் தீர்க்கதரிசிகளை எந்த அட்டையும் அச்சிடுவதில்லை. கைப்பேசியில் எல்லா மொழிபெயர்ப்பும் ஒருங்கே கிடைக்கின்றன. காலையில் ஒரு வசனம் அழகிய படத்தோடு வருகிறது. பார்த்த கையோடு அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் கைக்குள் இருக்கிறது, எதுவும் நாவில் இல்லை. இதுவும் பூட்டிய அறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவுமட்டும் கண்ணாடியால் ஆனது. சைவர்கள் நிலையும் வேறன்று. பன்னிரு திருமுறையும் கைப்பேசியில் வந்துவிட்டது, பதிகம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் திருவதிகையிலேயே எத்தனை பேர்?

கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு முதிய ஆசிரியை இருக்கிறார். கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. பேரன் நாள்தோறும் மாலையில் கைப்பேசியைத் திறந்து அவருக்கு ஓர் அதிகாரம் படித்துக் காட்டுவான். அவன் படிப்பது புதிய மொழிபெயர்ப்பு. படித்து வருகையில் ஒரு சொல்லில் அம்மையார் கையை உயர்த்துவார், அவன் நிறுத்துவான். பழைய மொழிபெயர்ப்பில் அவ்விடம் எப்படி வருமோ அப்படியே அந்த அதிகாரத்தின் எஞ்சிய பகுதியை அவர் நினைவிலிருந்து சொல்லத் தொடங்குவார். பேரன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான்.