மூன்றாவது உலோகம்: துருவுறா உருக்கின் வரலாற்றில் ஒரு வினா

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளை ஆராயும் நாம், மனிதன் கையாளும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். இருவேறு துருவுறா உருக்குகளை வெல்டிங் முறையால் இணைக்கும்போது இடையிலே எந்த நிரப்பு உலோகத்தை உருக்கிச் சேர்ப்பது என்ற வினா, பட்டறைக்கு மட்டுமே உரியதாகத் தோன்றலாம். எனினும், அதற்குப் பொதுவானதொரு விடை காண ஒரு தலைமுறைக் காலம் சென்றது.

துருவுறா உருக்கு பிறந்தபோதே இரண்டாகப் பிறந்தது. 1912இல் ஜேர்மனியின் எசென் நகரிலிருந்த குறுப் நிறுவனம், ஸ்ட்ராவுஸ், மௌரர் ஆகியோரின் ஆய்வின் பயனாக, குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்குக்குக் காப்புரிமை கோரியது. 1913இல் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில், துப்பாக்கிக் குழல்களின் தேய்வைக் குறைக்க முயன்ற ஹரி பிறியர்லி, ஏறத்தாழ 13 சதவீதக் குரோமியம் கொண்ட உருக்கை வார்த்தார். முன்னையது எளிதில் வளைவது; பின்னையது சூடாக்கிக் குளிர்விக்க வன்மை பெற்றுக் கத்திக்கு உகந்தது. பெயரால் ஒன்றாயினும் அகவமைப்பால் இவை வேறானவை.

நிக்கல் கலந்த வகையை இணைத்தபோது முதலிடர் தோன்றியது. இணைப்பின் அருகே வெப்பநிலை 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான எல்லையில் நிற்கையில், உருக்கிலுள்ள காபன் குரோமியத்தைக் கவர்ந்துகொள்கின்றது. குரோமியம் குன்றிய மணியெல்லைகளை அமிலம் அரிக்கின்றது. பார்வைக்குப் பழுதற்ற இணைப்பு உள்ளிருந்தே சிதைந்தது. காபனைக் குறைத்தும், தைத்தேனியம் அல்லது நயோபியம் சேர்த்தும் இவ்விடர் நீக்கப்பட்டது.

இரு வகைகளையும் ஒன்றோடொன்று இணைப்பது இதனினும் சிக்கலானது. உருகிய கோல் இரு தகடுகளின் விளிம்புகளையும் கரைத்துக் கலப்பதால், இரண்டையும் ஒவ்வாத மூன்றாவது உலோகமொன்று பிறக்கின்றது. 1949இல் அன்ரன் ஷேபிளர் வெளியிட்ட வரைபு இதனை முன்கூட்டியே அறிய வழிசெய்தது. கிடையச்சிலே குரோமியச் சமவலுவும் நிலைக்குத்தச்சிலே நிக்கற் சமவலுவும் குறிக்கப்பட்டன. நிக்கற் சமவலுவைக் கணிக்கையில் காபன் 30 மடங்காகக் கொள்ளப்பட்டது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஒரு தகட்டில் 12 சதவீதக் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. மற்றதில் 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உள்ளன. இணைப்பிலே கோல் 70 பங்கும் தகடுகள் தலா 15 பங்கும் கலப்பதாகக் கொள்வோம். முதற் தகட்டை ஒத்த கோலைத் தெரிந்தால் இணைப்பில் நிக்கல் ஏறத்தாழ 1 சதவீதமே இருக்கும். விளைவு நொறுங்கும் இயல்புடைய மாட்டென்சைற். குரோமியம் 24, நிக்கல் 13 சதவீதமான கோலைத் தெரிந்தாலோ, இணைப்பில் அவை முறையே 21, 10 சதவீதமளவில் நிற்கும். அது பெரும்பாலும் ஒஸ்ரனைற்றாகவும் சிறிதளவு பெரைற்றாகவும் அமையும். உறையும்போது வெடிப்பைத் தடுப்பது அச்சிறிதளவு பெரைற்றே.

பின்வந்தோர் இவ்வரைபைத் திருத்தினர். டிலோங் 1956இல் நைதரசனையும் கணக்கிற் சேர்த்தார். ஆயினும் எவ்வரைபும் 70 என்ற அந்த எண்ணைத் தானே தருவதில்லை. மின்னோட்டத்தின் அளவும் கோலைச் செலுத்தும் கையின் வேகமுமே அதனைத் தீர்மானிக்கின்றன. கை தவறினால் கணிப்பும் தவறும். ஆதலின், தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் ஆய்வுகூடத்தை மட்டும் பதிந்து பட்டறைத் தொழிலாளியை விட்டுவிடின், அவ்வரலாறு பாதி வரலாறே ஆகும்.