உறுப்பிழந்தோர் இழப்பீடும் வழக்குத் துணையும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

தொழில் புரியுங்கால் உறுப்பிழந்தவர்க்கு ஈடு வழங்கவேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டில் எந்த ஆண்டிற் சட்டமாயிற்று என்பதைச் சட்ட வரலாறு கூறும் நூல்கள் தெளிவுறக் காட்டுகின்றன. அச்சட்டம் வழங்கிய உரிமை உரியவர் கையை எவ்வழியே சென்றடைந்தது என்னும் வினாவும் அதனோடொத்த சிறப்புடையதே. உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருத்தல் வேறு. அதனைக் கேட்டுப் பெறுதல் வேறு. மனு எழுத வல்லார் ஒருவர், காலக்கெடு அறிந்தார் ஒருவர், இட்ட அளவு குறைவென மறுத்துரைப்பார் ஒருவர் இடைநின்று துணைசெய்தாலன்றி அவ்வுரிமை பயன்படுவதில்லை. உறுப்பிழந்தோர் இழப்பீட்டின் வரலாறு, உண்மையில், அத்துணையின் வரலாறே என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை வழக்கம்

போர்க்களத்தில் உயிர்நீத்த வீரனின் குடும்பத்தார்க்கு இறையிலி நிலம் அளிக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. அந்நிலம் உதிரப்பட்டி எனவும் நெய்த்தோர்ப்பட்டி எனவும் கல்வெட்டுகளிற் குறிக்கப்பெறும். நெய்த்தோர் என்பது குருதி. குருதி சிந்தியதற்கு ஈடாக வழங்கப்பட்டமையின் நிலத்துக்கு அப்பெயர் அமைந்தது.

இதனைக் கொண்டு இக்கால இழப்பீடு அன்றே இருந்ததெனச் சொல்லல் பொருந்தாது. உதிரப்பட்டி கொடுப்போனின் அருளால் வந்தது. அவன் கொடாது விடின் மன்றேறி முறையிட்டு அதனைப் பெறுதற்கு வழி வகுத்த விதி எதுவும் அதனோடு சேர்ந்து வரவில்லை. இக்கால இழப்பீடோ கொடுக்க விரும்பாதவனிடமிருந்தும் பெறத்தக்கது. ஆகவே அதற்குச் சான்றும் மனுவும் வழக்கும் வேண்டுவவாயின. அருள் உரிமையாக மாறிய இடத்திலேதான் வழக்குரைப்போரின் தேவையும் தோன்றிற்று.

திண்டுக்கல் வட்டாரம்

இவ்வாய்வுக்குத் திண்டுக்கல் ஏற்ற களமாகும். தோல் பதனிடுதல், புகையிலை, பூட்டு, நெசவு எனப் பல தொழில்கள் இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த சமவெளியிலும் வளர்ந்தன. நகரின் ஒரு பகுதியாகிய நாகல் நகரில் சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தோற்கூடத்தில் உழைத்தவரும் வீட்டுத்தறியில் உழைத்தவரும் ஒரே நகரத்தவர். எனினும் சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒருநிலையினர் அல்லர். இவ்வேறுபாடு கீழே விளங்கும்.

1923ஆம் ஆண்டின் சட்டம்

தொழிலிடை விபத்துக்கு ஈடு பெறவேண்டின் முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளியே நிறுவவேண்டும் என்பது பழைய சட்டநெறி. ஜெர்மனி 1884ஆம் ஆண்டிலும் இங்கிலாந்து 1897ஆம் ஆண்டிலும் இந்நெறியினின்று விலகிப் புதுவழி கண்டன. இந்தியாவில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1924 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேலையின்பாற்பட்டு வேலையினூடே நேர்ந்த விபத்து என்று காட்டினாற் போதும். முதலாளியின் குற்றத்தை நிறுவவேண்டுவதில்லை என்பது அதன் அடிப்படை.

இச்சட்டம் உடலை எண்களால் அளந்தது. நிலையான முழு ஊனத்துக்கு 42 மாதக் கூலி அல்லது 3,500 ரூபாய், இவற்றுட் குறைந்தது ஈடாகும். உறுப்பிழப்புக்கு அதில் இத்தனை விழுக்காடு என முதல் அட்டவணை வகுத்தது. வலக்கை முழங்கையிலோ அதற்கு மேலோ போயின் 70, இடக்கை அவ்வாறு போயின் 60, ஒரு கண் போயின் 30, கட்டைவிரல் 25, சுட்டுவிரல் 10, ஏனைய விரல் ஒன்று 5. திங்கள் 20 ரூபாய்க் கூலி பெற்ற ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவன் முழு ஊனத்தின் மதிப்பு 840 ரூபாய். வலக்கைக்கு 588, இடக்கைக்கு 504, சிறுவிரலுக்கு 42 ரூபாய் என்றாகும்.

தோல் தொழிலைப் பொறுத்தவரை இச்சட்டத்தில் ஒரு சிறப்பு உண்டு. பிறநோய்களுக்கு ஒரே முதலாளியிடம் ஆறு திங்கள் இடையறாது பணிபுரிந்திருத்தல் வேண்டும் என விதித்த சட்டம், மயிரும் தோலும் கையாள்வோர்க்கு வரும் அடைப்பான் நோய்க்கு அவ்வரையறையை விதிக்கவில்லை. ஆயின், சுண்ணாம்புக் குழியில் நாள்தோறும் இறங்குவோர் கைகால்களில் உண்டாகும் புண் ஒருநாள் நேர்ந்த விபத்தன்று. ஆதலின் அதனை இச்சட்டத்துள் அடக்கிக் காட்டுதல் எளிதன்று. நாகல் நகர் நெசவாளியின் நிலை இன்னும் அரிது. வீட்டுத்தறி தொழிற்சாலை எனப்படவில்லை. நெசவாளி சட்டம் கூறிய தொழிலாளியாகவும் கருதப்படவில்லை. தறியில் அமர்ந்தே கண்பார்வை மங்கியவர்க்கு இச்சட்டத்தில் இடமில்லை.

சட்டம் தானே அளித்த துணை

எழுத்தறியாதார் நிலையைச் சட்டம் இயற்றினோர் எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு 22ஆம் பிரிவு சான்றாகும். மனுதாரர் எழுத்தறியாதவராயின், அவர் விரும்புமிடத்து, ஆணையரின் மேற்பார்வையிலேயே மனு எழுதப்பெறவேண்டும் என அப்பிரிவு விதித்தது. தீர்ப்பு வழங்குவோரே மனு எழுதவும் துணைநிற்கவேண்டும் என்பது வியத்தற்குரிய ஏற்பாடு. 24ஆம் பிரிவு வழக்கறிஞர் மட்டுமன்றிப் பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் அலுவலரும் தொழிலாளியின் சார்பில் தோன்றலாம் என்றது. 17ஆம் பிரிவு ஈட்டுரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. இருதரப்பாரும் தமக்குள் தொகை பேசி முடித்துக்கொண்டாலும் அது பதிவுசெய்யப்பெறல் வேண்டும் என்றும், தொகை போதாதாயினும் வஞ்சனையால் பெறப்பட்டதாயினும் ஆணையர் பதிவை மறுக்கலாம் என்றும் 28ஆம் பிரிவு கூறிற்று. விபத்துற்றவன் வறுமையால் சிறுதொகைக்கு இசைந்துவிடுவான் என்பதைச் சட்டம் அறிந்திருந்தது என்க.

இவ்வளவு இருந்தும் தடைகள் குறைந்தில. மனுச் செய்யும் காலம் தொடக்கத்தில் ஆறு திங்கள். 1938இல் ஓராண்டும் 1962இல் ஈராண்டும் ஆயிற்று. புண் ஆறுமுன்னரே கெடு முடிந்துவிடுதல் கூடும் என்பதை இம்மாற்றங்களே உணர்த்தும். ஆணையரின் தீர்ப்பை எதிர்த்து உயர்நீதிமன்றம் செல்வதாயின் முதன்மையான சட்ட வினா ஒன்று இருத்தல் வேண்டும்; வழக்கிலுள்ள தொகை 300 ரூபாய்க்குக் குறையாதிருத்தலும் வேண்டும். மேற்காட்டிய கணக்கில் சிறுவிரலுக்குரிய 42 ரூபாயோ, வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையேயுள்ள 84 ரூபாயோ அவ்வெல்லையை எட்டவில்லை. எளியவர் வழக்கு ஆணையரிடத்திலேயே முடிந்துபோதலின், அங்கு நல்ல துணை இருந்ததா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானித்தது.

மேல்முறையீட்டுக்கு இடமிருந்தாலும் தொலைவு ஒரு தடையே. திண்டுக்கல்லார் சென்னைக்குச் செல்லவேண்டியிருந்த நிலை, 2004 சூலைத் திங்களில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பெற்ற பின்னரே மாறியது.

சங்கமும் வழக்கறிஞரும்

24ஆம் பிரிவு சங்கத்துக்குத் தந்த இடம் திண்டுக்கல் வரலாற்றிற் பொருளுடையது. இந்நகரத் தோல் தொழிலாளர் 1940களில் சங்கமாகத் திரண்டனர். பொதுவுடைமை இயக்கத்தைச் சார்ந்த ஏ. பாலசுப்பிரமணியம் அவர்தம் தலைவருள் ஒருவர். சங்கம் கூலி உயர்வுக்குப் போராடும் அமைப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் சட்டத்தின்படி, உறுப்பிழந்தவன் சார்பில் ஆணையர்முன் வாதிடும் தகுதியும் அதற்கு உண்டு.

தமிழிலக்கியம் பயில்வார் இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உளது. இத்தோல் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘தோல்’ என்னும் புதினம் 2012ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதன் ஆசிரியர் டி. செல்வராஜ் (1938-2019) திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். தொழிலாளரின் வாய்மொழியைக் கேட்டு மனுவாக்குதலும் புதினமாக்குதலும் ஒருவரிடமே அமைந்தமை தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. முன்னது ஒருவருடைய துன்பத்தை விழுக்காட்டில் அடக்குவது. பின்னது விழுக்காட்டில் அடங்காததைப் பதிவுசெய்வது.

இலவச சட்ட உதவி

துணை கிடைத்தல் சங்கத்தையும் தனியார் நல்லுள்ளத்தையும் மட்டும் சார்ந்திருந்த நிலை மெல்ல மாறியது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39-அ என்னும் உறுப்பைச் சேர்த்து, இலவச சட்ட உதவியை அரசின் கடமையாக்கிற்று. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987இல் இயற்றப்பெற்று, 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு உதவிபெறத் தக்காரை எண்ணிக் கூறுகையில், மாற்றுத்திறனாளியையும் தொழிற்சாலைத் தொழிலாளியையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. பெண்டிரும் பட்டியல் வகுப்பினரும் அவ்வாறே குறிக்கப்பெற்றனர். இவர்கட்கு வருமான வரம்பு இல்லை. எனவே, வேலையில் கையிழந்த ஒருவர் இருவாயில்களில் எதன் வழியாகவும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வீட்டுத்தறியில் உழைத்து உறுப்புக் குன்றியவர்க்கும் மாற்றுத்திறனாளி என்னும் வாயில் திறந்துளது. 1923இல் வெளியே நிறுத்தப்பட்ட நாகல் நகர் நெசவாளி உள்ளே வருதற்கு இடமான முறை இதுவே.

அளவு பற்றிய வழக்கு

இழப்பீட்டு வழக்குகளின் உயிர்நிலை அளவே. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சிறீநிவாச சபதா என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம் 1975இல் அளித்த தீர்ப்பு இதனை விளக்கும். இடக்கையை இழந்த தச்சர் ஒருவர்க்கு அட்டவணை விழுக்காட்டளவே ஈடு உரியது என முதலாளி வாதிட்டார். ஒருகையால் தச்சுத்தொழில் செய்தல் இயலாதாகையால் இது முழு ஊனமே என நீதிமன்றம் கொண்டது. உடல் இழந்த அளவும் உழைக்கும் ஆற்றல் இழந்த அளவும் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும். இவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் துணை இல்லாதவர் அட்டவணை கூறும் எண்ணோடு அமைந்துவிடுவர்.

உறுப்பிழந்தோரைக் குறிக்கும் சொல்லும் மாறியுள்ளது. ஊனமுற்றோர் என்னும் சொல்லுக்கு ஈடாக மாற்றுத்திறனாளி என்பதைத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டு முதல் ஆள்கிறது. பெயர் மாறினும் விழுக்காடு மாறவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காடு எல்லையாகும். எல்லைக்குக் கீழே சான்று பெற்றவர் அதனை ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை. 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு உண்டு என்பதனை அறிந்து சொல்வார் வேண்டும் என்பதே இங்கும் பழைய சிக்கல்.

முடிவுரை

1923ஆம் ஆண்டின் சட்டம் 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் பெற்றது. பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோது, அதன் இடத்தை அத்தொகுப்பு பெற்றது. சட்டங்கள் மாறுகின்றன, எழுதத் தெரியாதவரின் சொல்லைக் கேட்டு எழுதிக்கொடுக்கும் ஒருவர் வேண்டும் என்பது மாறவில்லை. 22ஆம் பிரிவு ஒருநூற்றாண்டுக்கு முன் இதனை உணர்ந்து விதித்தது.

தமிழாய்வாளர்க்கு இதனிற் பணி உண்டு. ஆணையர் அலுவலகங்களிலும் சங்கங்களிலும் கிடக்கும் பழைய மனுக்கள் உழைப்பாளரின் உரைநடையாகும். தம் உடலுக்கு நேர்ந்ததைத் தமிழில் அவர்கள் எவ்வாறு கூறினர், அக்கூற்று சட்டத் தமிழாக மாறுங்கால் எதனை இழந்தது என்பவற்றை அவை காட்டும். உதிரப்பட்டி பற்றிய கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்த அதே ஆர்வத்தோடு இம்மனுக்களையும் தொகுத்தல் வேண்டும். கல்லிற் பொறித்தவை நிலைத்தன; இவையோ தாளில் எழுதப்பட்டவை, விரைந்து அழியக்கூடியவை.