நாணயத்தின் தரமும் மனிதரின் நாணயமும்

தமிழிலே 'நாணயம்' என்னும் ஒரே சொல் கையிற் புழங்கும் காசையும் நெஞ்சில் இருக்கவேண்டிய நேர்மையையும் குறித்து நிற்கின்றது. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மோதிய வரலாறொன்றை இம்மலரின் வாசகர்முன் வைக்க விரும்புகின்றோம். நிகழ்ந்த இடம் அமெரிக்கா. ஆயினும் அதன் படிப்பினை எந்நாட்டவர்க்கும் பொதுவானதே.

பழங்காசு சேர்ப்போர் எக்காசைக் கண்டாலும் முதலில் இரு கேள்விகளை எழுப்புவர். இதைப்போல் உலகில் எத்தனை உள? இது எந்நிலையில் உளது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1793 முதல் 1857 வரை பெரிய செப்புச் சதங்கள் அடிக்கப்பட்டன. செம்போ மென்மையான உலோகம். ஈரம் பட்டாற் களிம்பேறும். கை பட்டால் நிறம் மாறும். ஆதலால் ஒரே ஆண்டில் ஒரே அச்சிற் பிறந்த இரு சதங்களுள் ஒன்று புதுமெருகு குன்றாதிருக்க, மற்றொன்று எழுத்துத் தெரியாமல் தேய்ந்து கிடக்கும். விற்பவர் 'மிக நன்று' என்பார். வாங்குபவர் 'சுமார்' என்பார். அளவுகோல் இல்லாத அச்சந்தையிலே வாய்வல்லவனே வென்றான்.

இக்குறையை நீக்க முன்வந்தவர் வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியலறிஞர். மனிதரின் உடலமைப்பையே எண்களால் வகுக்க முயன்ற அவர், 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் செப்புச் சதங்களுக்கும் எண் வகுத்தார். இன்ன காசென்று அடையாளங் காணமட்டும் முடிந்தால் அதன் தரம் 1. மாசு மறுவற்றதாயின் 70. நூறு என்னாது எழுபது என்றது ஏன்? அக்காலச் சந்தையிலே மிகச் சிறந்த சதமொன்று, மிகத் தேய்ந்த அதன் உடன்பிறப்பைப்போல் ஏறக்குறைய எழுபது மடங்கு விலை போயிற்று. அடிப்படை விலை 2 டொலராயின், 20ஆந் தரத்துக் காசின் விலை 40 டொலர் என எவரும் கணக்கிடலாம் அன்றோ? பின்னர் சந்தை மாறியது. அவ்விலைக் கணக்கும் பொய்த்தது. எழுபது என்னும் எல்லைமட்டும் நிலைத்தது. 1977இல் அமெரிக்க நாணயவியற் சங்கம் இவ்வளவுகோலைத் தழுவி எல்லா வகை அமெரிக்கக் காசுகளுக்கும் தரவிதி நூலொன்றை வெளியிட்டது. 60 முதல் 70 வரையுள்ள எண்கள் புழக்கத்தின் தேய்வு காணாத காசுகளுக்கே உரியன. 1986இலும் 1987இலும் தோன்றிய இரு நிறுவனங்கள், காசைத் தேர்வாளரிடம் காட்டித் தரமிட்டு, பிளாஸ்திக் உறையில் அடைத்து முத்திரையிடும் வழக்கத்தைப் பரப்பின.

அருமையை அளக்கவும் ஷெல்டன் எட்டுப் படிகள் வகுத்தார். நான்கு முதல் பன்னிரண்டு வரை எஞ்சியவை ஏழாம் படி. மூன்றோ அதற்குக் குறைவோ எட்டாம் படி. இத்தகைய அருங்காசுகளில் நிலையைவிட, மெய்யா பொய்யா என்பதே முதற் கேள்வியாகும். 1913ஆம் ஆண்டைத் தாங்கிய, சுதந்திரத் தேவியின் தலை பொறித்த ஐந்து சத நிக்கற் காசுகள் ஐந்தே உள. அவற்றுள் ஒன்றை வைத்திருந்த சேகரிப்பாளர் 1962இல் வாகன விபத்தில் மாண்டார். அக்காசைப் பார்த்தோர் அது போலியென்று கூறவே, உறவினர் அதை நாற்பதாண்டுகள் வீட்டில் ஒதுக்கி வைத்தனர். 2003இல் பால்ற்றிமோர் நகரில் மற்ற நான்கினோடும் வைத்து ஒப்பிட்டபோதே அது மெய்யென்று தெளிந்தது. 2013இல் அது முப்பத்தொரு இலட்சம் டொலருக்குமேல் விலைபோயிற்று. அதற்கு இடப்பட்ட தரம் 63. ஒருவர் வாய்ச்சொல் தவறலாம்; பலர் முன்னிலையில் நடந்த ஒப்பீடு உண்மையை வெளிக்கொணர்ந்தது.

இனி, நாம் சொல்லவந்த கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம். நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் கழகத்துக்கு 1946இல் அரிய செப்புச் சதங்களின் தொகுதியொன்று நன்கொடையாக வந்தது. அதை ஆராயும் உரிமை ஷெல்டனுக்கு இருந்தது. அவரோ, அத்தொகுதியின் உயர்ந்த காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையைச் சேர்ந்த தம்முடைய தாழ்ந்த காசுகளை அவ்விடத்தில் வைத்துவிட்டார். எண்ணிப் பார்த்தால் தொகை குறையாது. தரம் மட்டுமே குறையும். 1977இல் அவர் இறந்தபின், பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது களவு வெளிப்பட்டது. 1990களில் அது நீதிமன்றமும் ஏறியது. 60க்கும் 65க்கும் உள்ள வேற்றுமையை உலகுக்குக் கற்பித்த கண்ணே அவ்வேற்றுமையைக் களவுக்குப் பயன்படுத்தியது!

அளவுகோல் இதனாற் பொய்யாகிவிடவில்லை. அதனை இன்றும் உலகம் கையாளுகின்றது. ஆனால் அளப்பவனையும் அளக்க வேறொரு கோல் வேண்டும். பதிவேடு, படம், ஒருவர்க்குமேற்பட்டோரின் பார்வை என்பன வெளிக்கோல்கள்; மனச்சாட்சி உட்கோல். உட்கோல் வளைந்தவிடத்தும் வெளிக்கோல் காத்தது என்பதை மறத்தலாகாது. பொதுப் பொருளைப் பொறுப்பேற்கும் சங்கங்களும் கோயில்களும், எத்துணைப் பெரியவராயினும் அவரை நம்புவதோடு நில்லாது, பொருளைப் பதிந்தும் வைத்தல் வேண்டும்.

எம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட, படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்னும் தமிழெழுத்தும் பொறித்த செப்புக் காசுகள் எம் முன்னோரின் சாட்சிகள். அவை போன்ற பழங்காசு கைக்கு வருமாயின், குத்துவிளக்கை மினுக்குவதுபோற் புளியிட்டு மினுக்கற்க! காலம் ஏற்றிய நிறமும் காசின் வரலாறே. தேய்த்த காசின் தரம் மீளாது. கெட்ட பெயரும் அவ்வாறே. கண்டெடுத்த இடத்தையும் நாளையும் எழுதி வைத்து, அறிந்தோரிடம் காட்டுங்கள். காசைக் காப்பதோடு நாணயத்தையும் காப்போமாக!