ஒரு சிறு இடைவெளியின் வரலாறு

பழைய கார் எஞ்சினின் அருகே நின்றால் ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஓசை இடைவிடாமல் கேட்கும். அது கோளாறன்று. வேண்டுமென்றே விடப்பட்ட ஒரு சிறு இடைவெளியின் ஓசை அது.

1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். அவ்வழி வந்த கார் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கலவையை உள்ளே விட ஒரு வால்வும், எரிந்த வாயுவை வெளியேற்ற ஒரு வால்வும் அமைந்தன. வால்வை மூடுவது சுருள்வில்; திறப்பது கேம் தண்டு. கேமின் உந்துதலை வால்வுக்குக் கொண்டு செல்வது டாப்பெட். இவை சிறிதும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன?

சூடேறினால் எஃகு நீளும் என்பதை நாம் அறிவோம். அதன் நீள்விரிவுக் குணகம் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000012. எனவே 100 மி.மீ. நீளமுள்ள தண்டின் சராசரி வெப்பநிலை 250 டிகிரி உயர்ந்தால், அது 0.3 மி.மீ. நீளும். நீரால் குளிர்விக்கப்படும் சிலிண்டர் தலை அவ்வளவு விரிவதில்லை. நீள இடமில்லாத வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. வெளியேற்று வால்வுக்கு இது பேராபத்து. மூடியிருக்கும் நேரத்தில்தான் அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கைக்குக் கொடுக்கிறது. அமராத வால்வின் விளிம்பு எரிந்து போகும்; எஞ்சின் ஆற்றல் இழக்கும்.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ மாடலில் இடைவெளியைத் திருத்தத் திருகு கிடையாது. வால்வைத் தேய்த்துப் பொருத்தும்போது அது சற்றுக் கீழிறங்கி இடைவெளி குறையும். உடனே தண்டின் நுனியைத் தேய்த்துக் குறைக்க வேண்டும்.

செல்வர்களின் கார்களுக்கோ ஓசையே ஆகாது. 1930-இல் காடிலாக் நிறுவனம் தன் 16 சிலிண்டர் எஞ்சினில், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியை நிரப்பும் அமைப்பை வைத்தது. 1933-இல் பியர்ஸ்-ஆரோ கார்களின் டாப்பெட்டுகளே இவ்வாறு அமைந்தன. வால்வு நீளும்போது சிறிது எண்ணெய் கசிந்து அதற்கு இடம் விடும். ஆகவே இடைவெளியின் தேவை மறையவில்லை. அதன் பொறுப்பை எண்ணெய் ஏற்றது.

எளிய கார்களில் திருகே நீடித்தது. இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் காருக்கு 1952-இல் 803 க.செ.மீ. எஞ்சின் வந்தது. அதில் ஒவ்வொரு ராக்கர் கையிலும் ஒரு திருகும் பூட்டு நட்டும் உண்டு. வேண்டிய இடைவெளி 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.30 மி.மீ. அந்தத் தடிப்புள்ள ஃபீலர் கேஜ் தகடு சிறிது பிடித்தாற்போல் நகர வேண்டும். எட்டு வால்வுகளில் எதை எப்போது அளப்பது? கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்பதே விதி. 8-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1-ஆம் வால்வையும், 6-ஆம் வால்வு திறந்திருக்கையில் 3-ஆம் வால்வையும் அளக்கலாம்.

இடைவெளி மிகுந்தால் ஓசை கூடும். வால்வு திறக்கும் உயரமும் குறையும். ஆயினும் அந்தக் குறையை நம் காது உடனே கண்டுகொள்ளும். இடைவெளி இல்லாத வால்வோ ஓசையின்றி எரியும். திருகு வைத்த எஞ்சினில் அஞ்ச வேண்டியது அந்த அமைதிக்கே.