ரூல்ல இடம் இல்ல சார்

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ. போனவர். ஃபிட்டர். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தார், அப்புறம் எம்.எஸ்ஸி. நடுவில் ப்ளஸ் டூ என்ற படியை அவர் மிதிக்கவே இல்லை. அவர் சேர்ந்த காலத்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்கவும் இல்லை. போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்யப் போனார். விண்ணப்பத்தில் மேல்நிலைத் தேர்வின் பதிவெண் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரக் குறி. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

"தம்பி, நீங்கதானே இந்த மாதிரி ஃபார்ம் எல்லாம் எழுதுறீங்க. இதைத் தாண்டி எப்படிப் போறது?" என்று கேட்டார்.

உண்மைதான். என் சம்பளத்தில் ஒரு பகுதி அந்தச் சிவப்பு நட்சத்திரங்களுக்காகத்தான் வருகிறது. அலுவலகத்துக்கு போன் செய்து பார்த்தோம். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்: "ரூல்ல இடம் இல்ல சார்."

எனக்கு உடனே ராமானுஜன் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அண்ணனிடம் வாய் திறக்கவில்லை. படிப்பில் தடுக்கி விழுந்த ஒவ்வொருவரிடமும் யாராவது ஒருவர் ராமானுஜன் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதையில் கடிதம் இருக்கும், ஹார்டி இருப்பார், நாமகிரித் தாயார் இருப்பார். பதிவாளர் மட்டும் இருக்க மாட்டார். எனக்கு இப்போது அந்தப் பதிவாளர்தான் வேண்டும்.

ராமானுஜன் 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணிதம் தவிர எதையும் படிக்காமல் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906லும் 1907லும் எஃப்.ஏ. தேர்வு எழுதி இரண்டு முறையும் பெயில். மெட்ரிகுலேஷனுக்குப் பின் இரண்டு வருடம் படித்து எழுதுவது எஃப்.ஏ. நம் கணக்கில் ப்ளஸ் டூ மாதிரி. அதாவது நம்முடைய மேதை, ப்ளஸ் டூ பெயில்.

1913 தொடக்கத்தில் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. ஹார்டியின் பதில் வந்துவிட்டது. வானிலைத் துறைத் தலைவரும் கேம்பிரிட்ஜ் கணிதக்காரருமான கில்பர்ட் வாக்கர், பிப்ரவரியில் சென்னை வந்தபோது நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகம் இவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பதிவாளருக்கு எழுதினார். பதிவாளர் பெயர் பிரான்சிஸ் டியூஸ்பரி. கணிதப் பாடக்குழு கூடி, மாதம் 75 ரூபாயில் இரண்டு ஆண்டு ஆராய்ச்சி உதவித்தொகை தரலாம் என்று பரிந்துரைத்தது.

ரூல்ல இடம் இல்லை. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டதாரிகளுக்கானது. இப்படி ஒருவருக்குத் தனியாகக் கொடுக்கப் பல்கலைக்கழக ஒழுங்குமுறைகளில் வழியே கிடையாது. அப்போது அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ஒழுங்குமுறைகளை மூடிவைத்துவிட்டு, அவற்றுக்கு மேலே இருக்கிற சட்டத்தைத் திறந்தார்கள். பல்கலைக்கழகத்தை உருவாக்கிய சட்டத்தையும் 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தையும் புரட்டி, ஆராய்ச்சியை வளர்ப்பதும் நம் கடமைதானே, அதன்படி கொடுக்கலாம், கவர்னரின் சம்மதம் வாங்கினால் போதும் என்று ஒரு வாசிப்பைக் கண்டுபிடித்தார்கள். சம்மதமும் வந்தது. 1913 மே 1 முதல் ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர். நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும்.

யாரும் விதியை உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மெனக்கெட்டுப் படித்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையோடு கப்பல் ஏறினார். இங்கே கேம்பிரிட்ஜின் விதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1895 வரை வேறு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்கள் ஆராய்ச்சிக்காக என்று அங்கே சேர முறையான வழி இல்லை. 1895ல் விதி மாறியது. இரண்டு ஆண்டு தங்கி, ஆய்வேடு ஒன்று கொடுத்தால் பட்டம். அந்தக் கதவு வழியாக முதல் ஆளாக நுழைந்தவர்களில் ஒருவர் நியூசிலாந்திலிருந்து வந்த ரூதர்ஃபோர்ட். கிடைக்கும் பட்டம் என்ன தெரியுமா? பி.ஏ.! பிஎச்.டி. என்ற ஜெர்மன் சரக்கை இங்கிலாந்து அப்போது இறக்குமதி செய்திருக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் கேம்பிரிட்ஜில் அது வந்தது.

ராமானுஜனுக்கு இந்தக் கதவுக்கான தகுதியும் இல்லை. ஆனாலும் 1914 ஜூனில் டிரினிட்டி கல்லூரியின் ஆராய்ச்சி மாணவராக அவரைப் பதிந்துகொண்டார்கள். தனக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது அவர் ஆய்வேடு. 12ஐ எடுத்துக்கொண்டால் அதற்கு ஆறு வகுத்திகள், அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சி வழி பி.ஏ. எஃப்.ஏ. பெயில் ஆனவர் பி.ஏ. பாஸ்.

அதே டிரினிட்டி. அதே விதி. ராமானுஜன் பதிந்துகொள்வதற்குச் சில வாரங்கள் முன்பு, 1914 மே மாதம், அதே விதியின் மறுமுனையில் ஒருவர் வெளியே விழுந்தார். விட்கென்ஸ்டைன். பெர்லினிலும் மான்செஸ்டரிலும் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தத்துவத்துக்கு ஓடிவந்தவர். (இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேறெங்கோ ஓடுவது நம் கண்டுபிடிப்பு இல்லை.) 1912லிருந்து பதிவுசெய்த மாணவர். நார்வேயில் போய் உட்கார்ந்து தர்க்கம் பற்றி எழுதியதைப் பி.ஏ. ஆய்வேடாகக் கொடுக்கலாமா என்று ஜி. இ. மூர் அவர் சார்பில் விசாரித்தார். கல்லூரியில் டியூட்டராக இருந்த ஃபிளெட்சர் விதியைப் பார்த்துச் சொன்னார்: ஆய்வேட்டுக்கு முன்னுரை வேண்டும், எங்கிருந்து எடுத்தது, எது சொந்தம் என்று குறிப்புகள் வேண்டும். மூர் அதைக் கடிதத்தில் தெரிவித்தார். விட்கென்ஸ்டைன் கொதித்துப்போய் மூரையே திட்டி எழுத, இருவருக்கும் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. பட்டமும் இல்லை.

இதில் ஃபிளெட்சர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எது சொந்தச் சரக்கு என்று எழுதித்தரச் சொல்வது நியாயமான கேள்விதான். 1929ல் விட்கென்ஸ்டைன் திரும்பி வந்தபோது அதே பல்கலைக்கழகம் அவர் பழைய தங்கல் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே அச்சாகி உலகப் புகழ் பெற்றுவிட்ட டிராக்டேட்டஸ்தான் பிஎச்.டி. ஆய்வேடு. மேற்பார்வையாளர் ஃபிராங்க் ராம்சே, மாணவரைவிடப் பதினான்கு வயது இளையவர். தேர்வாளர்கள் ரஸ்ஸலும் அதே மூரும். கேட்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் விதி எவ்வளவு இளகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த இடத்தில் எனக்கு ஹார்டி மேல் இருக்கும் பிரமிப்பு கொஞ்சம் தடுமாறுகிறது. ராமானுஜனுக்காகக் கதவைத் திறந்த அதே கேம்பிரிட்ஜில் கர்ட்டன், நியூனம் என்று இரண்டு பெண்கள் கல்லூரிகள் இருந்தன. 1890ல் நியூனமின் பிலிப்பா பாசெட் கணித டிரைபாஸ் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணைவிட மேலே வந்தார். பட்டம் கிடையாது. 1897ல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆதரவு 662, எதிர்ப்பு 1713. சைக்கிள் ஓட்டும் பெண் ஒருத்தியின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு மாணவர்கள் கொண்டாடினார்கள். 1921ல் பெயரளவுக்கு ஒரு பட்டம். முழு உரிமையோடு பட்டம் வர 1948 ஆகிவிட்டது. பாசெட்டுக்கு அப்போது எண்பது வயது. அந்த வருடம்தான் அவர் இறந்தார்.

அவருக்காக யாரும் எந்தச் சட்டத்தையும் புரட்டவில்லையா என்றால், புரட்டினார்கள். பாசெட்டின் அம்மா மில்லிசென்ட் பாசெட் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். ஆள் பலம் இல்லாத குடும்பம் இல்லை. ஆனால் ராமானுஜனுக்குக் கேட்டது ஒரே ஒரு விதிவிலக்கு. அதைக் கொடுத்தால் விதி அப்படியே இருக்கும், கொடுத்தவர்களுக்கும் பெருமை. பெண்களுக்குக் கொடுப்பதென்றால் விதியையே மாற்ற வேண்டும். விதிவிலக்கு கொடுப்பதில் தாராளமாக இருக்கும் இடங்கள் விதியை மாற்றுவதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கின்றன என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. நான் எழுதும் மென்பொருளிலும் இதுதான் நடக்கிறது. சிவப்பு நட்சத்திரத்தை எடுங்கள் என்றால் நான்கு மீட்டிங் ஆகும். குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் பின்வழியாகப் பதிந்துகொடு என்றால் ஐந்து நிமிடம்.

அண்ணனுக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. ஹார்டியும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூஸ்பரியை நினைத்துக்கொண்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒழுங்குமுறைகளை முதல் வரியிலிருந்து இரண்டு பேரும் படித்தோம். படு போர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தூங்கிவிட்டார். எழுந்து வந்து அவர்தான் கண்டுபிடித்தார்: முதுகலைப் பட்டம் வேண்டும் என்று இருக்கிறது, மேல்நிலைத் தேர்வு வேண்டும் என்று அந்த ஆவணத்தில் ஒரு வரியும் இல்லை. கட்டாயம் என்று சொன்னது விண்ணப்பப் படிவம் மட்டும்தான். என்னைப் போல எவனோ ஒருவன், யாரோ சொன்னதைக் கேட்டு, போகிற போக்கில் போட்டுவிட்டுப் போன நட்சத்திரம்.

"அப்போ எனக்கு மட்டும்னு கேக்க வேணாம் தம்பி. அந்த ஸ்டாரை எடுக்கச் சொல்லியே எழுதலாம்" என்றார்.

அப்படியே எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். பத்து நாளில் மனு எண் மட்டும் வந்திருக்கிறது, ஏழு இலக்கம். அண்ணன் அதை வாங்கியதும் முதல் வேலையாக எதால் எல்லாம் வகுபடுகிறது என்று பார்த்தார்.