கூட்டலுக்குள் ஒளிந்திருந்த கழித்தல்

இரண்டு வர்க்கங்களின் கழித்தலைக் காரணிப்படுத்தலாம். கூட்டலைக் காரணிப்படுத்த முடியாது. இடைநிலைப் பள்ளி மாணவர்கள் மனனம் செய்யும் விதி இது. ஆனால், விதியை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? பிரான்சு நாட்டுக் கணித வரலாறு அதற்கு நல்ல பதில் சொல்கிறது.

லான்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், 2-இன் அடுக்குகளோடு 1-ஐக் கூட்டியும் கழித்தும் பெறும் எண்களைக் காரணிகளாகப் பிரித்து வந்தார். அவற்றுள் ஒன்று 2⁵⁸ + 1. அது 18 இலக்கம் கொண்ட 288230376151711745. 2⁵⁸ என்பது 4-இன் 29ஆம் அடுக்கு. ஒற்றைப்படை அடுக்குகளின் கூட்டலை அவற்றின் அடி எண்களின் கூட்டல் மீதியின்றி வகுக்கும். ஆகவே 4 + 1, அதாவது 5, ஒரு காரணி என்பது எளிதில் தெரியும். மீதமுள்ள 17 இலக்க எண்தான் பெரும்பாடு. கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. 1869ஆம் ஆண்டில் விடை கிடைத்தது: 5 × 107367629 × 536903681.

இரண்டே ஆண்டுகளில், 1871இல், ஓரிஃபோய் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் அதே எண்ணைச் சில வரிகளில் உடைத்துக் காட்டினார். அவர் கையாண்ட வழியைச் சிறிய எண்ணில் பார்ப்போம்.

2¹⁰ + 1 என்பது 1025. அதாவது 32-இன் வர்க்கத்தோடு 1. அதனுடன் 64-ஐக் கூட்டினால் 1089. இது 33-இன் வர்க்கம். கூட்டிய 64-ஐக் கழித்துவிட வேண்டும். அதுவோ 8-இன் வர்க்கம்! கூட்டல் இப்போது கழித்தலாகிவிட்டது. (33 − 8) × (33 + 8), அதாவது 25 × 41. விடை 1025.

இதே முறையில் 2⁵⁸ + 1 என்பது (2²⁹ − 2¹⁵ + 1) × (2²⁹ + 2¹⁵ + 1) ஆகிறது. முதலாவது 536838145, அதாவது 5 × 107367629. இரண்டாவது 536903681. லான்ட்ரி அரும்பாடுபட்டுக் கண்ட அதே எண்கள்! இவ்வகைக் காரணிப்படுத்தலுக்கு இன்று ஓரிஃபோயின் பெயரே வழங்குகிறது.

அப்படியானால் லான்ட்ரியின் உழைப்பு வீணா? இல்லை. 2⁶⁴ + 1 என்ற எண்ணுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அதையும் 1880இல், முதுமைக் காலத்தில், 274177 × 67280421310721 என்று பிரித்தவர் அதே லான்ட்ரிதான்.

கணக்கைத் தொடங்குமுன் அதன் வடிவத்தை உற்றுப் பார்க்க வேண்டும். வழி தென்பட்டால் நேரம் மிச்சம். தென்படாவிட்டால் உழைப்பே துணை. பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.